சாட்சிக் கூண்டில் நிழல்

சேலம் என்றதும் நமக்கு நினைவில் எழுவன ஏற்காட்டு மலையும், மாம்பழமும், தறிச் சத்தமும். உலக வரலாற்று ஏடுகளில் அந்தப் பெயரைத் தேடுவோருக்கு முதலில் எதிர்ப்படுவதோ தூக்குமரம்! அது நம் சேலமன்று. வட அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில், மாசசூசெட்ஸ் பகுதியில், ஆங்கிலேயக் குடியேறிகள் அமைத்த ஊர். அமைதி என்ற பொருள் தோன்ற, விவிலியத்திலிருந்து எடுத்து அவர்கள் சூட்டிய பெயர். அமைதியைப் பெயராகப் பூண்ட அவ்வூரிலே, 1692-ஆம் ஆண்டில், 19 பேர் சூனியக்காரர் எனத் தூக்கிலேற்றப்பட்டனர்.

இரு சேலத்துக்கும் ஓசையில் ஒற்றுமை, உறவு ஏதுமில்லை. ஆயினும் அந்தச் சேலத்து மன்றத்தில் ஏற்கப்பட்ட சாட்சியம் எதுவோ, அதன் உடன்பிறப்பு ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு வரை, நாமக்கல்லிலிருந்து ஆத்தூர் வரை, வீட்டுத் திண்ணைகளிலும் கோயில் திடல்களிலும் இன்றும் உலவக் காண்கிறோம். ஆகவேதான் அந்தப் பழைய வழக்கை நாம் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நடந்தது இது. சாமுவேல் பாரிஸ் என்ற பாதிரியாரின் இல்லத்திலே, அவருடைய 9 வயது மகளும், 11 வயது உறவுப் பெண்ணும் திடீரெனத் துடித்தனர், அலறினர், உடலை முறுக்கினர். நோய் இன்னதென்று விளங்கவில்லை. விளங்காத நோய்க்கு எளிய பெயர் ஒன்று உண்டல்லவா, எல்லா நாட்டிலும்? சூனியம் என்றனர். வைத்தவர் யார் என்று சிறுமிகளை வருத்திக் கேட்டனர். மூன்று பெயர்கள் வந்தன. ஒருத்தி அந்த வீட்டு அடிமைப் பெண் திதுபா. ஒருத்தி வீடு வீடாகச் சென்று இரந்து உண்டவள். மற்றொருத்தி நோயில் கிடந்தவள். ஊர்ப் பெரிய தனக்காரர் ஒருவர் பெயரேனும் அந்த முதற்பட்டியலில் உண்டா? இல்லை. பேய்க்கும் ஆளறிந்து அண்டும் அறிவு இருந்திருக்கிறது!

இனி, சாட்சியம் என்ன? "இவளுடைய வடிவம் இரவில் என் படுக்கையருகே வந்தது, கிள்ளியது, கழுத்தை நெரித்தது" என்றனர் துன்புற்றதாகக் கூறியோர். குற்றம் சாட்டப்பட்டவளோ அந்த நேரத்தில் தன் வீட்டில், தன் பாயில் உறங்கிக்கொண்டிருந்தாள். அதற்கென்ன? உடல் அங்கே இருந்தது, வடிவம் இங்கே வந்தது என்றனர். அந்த வடிவம் மற்றவர் கண்ணுக்குத் தெரியாதாம். சொல்பவளுக்கு மட்டும் தெரியுமாம். நீதிமன்றத்திலேயே, கூண்டில் நின்றவள் தலையைச் சாய்த்தால் சிறுமியர் தலையைச் சாய்த்து அலறினர். உதட்டைக் கடித்தால், எங்களைக் கடிக்கிறாள் எனக் கதறினர். எழுதிக்கொண்டனர் எழுத்தர்கள், சான்று என்று.

தோழர்களே, இதன் சூழ்ச்சியை நிறுத்திப் பாருங்கள். ஒருவன் தன்மீது திருட்டுப் பழி சுமத்தப்பட்டால், "நான் அன்று ஊரிலேயே இல்லை" என்று சொல்லித் தப்பலாம். கண்ட சாட்சிகளைக் கொண்டு வரலாம். "இருட்டில் எப்படிப் பார்த்தாய்?" என்று குறுக்குக் கேள்வி கேட்கலாம். வடிவம் வந்தது என்பாளிடம் என்ன கேட்பது? எதைக் கேட்டாலும் விடை தயாராக உள்ளது. மறுக்க வழியற்ற சான்றைப் பலமான சான்று என்று அந்நீதிபதிகள் எண்ணினர். மறுக்க வழியில்லாத காரணத்தினாலேயே அது சான்று என்ற பெயருக்குத் தகுதியற்றது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆளுநர் வில்லியம் பிப்ஸ் 1692 மே மாதம் இதற்கெனவே தனி நீதிமன்றம் அமைத்தார். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டவ்டன். அவர் கொண்ட வாதம் இது: குற்றமற்ற ஒருவரின் வடிவத்தை எடுக்கச் சாத்தானைக் கடவுள் அனுமதிக்கமாட்டார், எனவே எவருடைய வடிவம் வந்ததோ அவர் குற்றவாளியே. எத்தனை எளிதாக வழக்கு முடிந்துவிட்டது! கடவுள் எதை அனுமதிப்பார் என்பது நீதிபதிக்குத் தெரியும். ஆனால் நேற்றிரவு ஒரு கிழவி எங்கே படுத்திருந்தாள் என்பது மட்டும் தெரியத் தேவையில்லை. ரெபெக்கா நர்ஸ் என்ற 71 வயது மூதாட்டியைக் குற்றமற்றவர் என்றே ஜூரிகள் முதலில் கூறினர். நீதிபதிகள் அவர்களை மீண்டும் கலந்து பேச அனுப்பினர். திரும்பி வந்தவர்கள் குற்றவாளி என்றனர். ஜூலை 19-ஆம் நாள் அம்மூதாட்டி தூக்கிலிடப்பட்டார். 80 வயதளவான ஜைல்ஸ் கோரி வழக்காடவே மறுத்தார். நெஞ்சின் மேல் பாறைகளை அடுக்கி அவரை நசுக்கிக் கொன்றனர். நான்கைந்து வயதுக் குழந்தை ஒன்றையும் விலங்கிட்டுச் சிறையில் வைத்தனர். இன்னொரு கொடுமை: நான் சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டவர்கள் உயிர் பிழைத்தனர், இல்லை என்று உண்மை சொன்னவர்கள் தூக்கில் தொங்கினர்.

இந்த வெறி எப்படி ஓய்ந்தது? மக்கள் பேயை நம்புவதை விட்டுவிட்டதாலா? அதுவுமில்லை. இன்கிரீஸ் மாதர் என்ற மதகுரு 1692 அக்டோபரில் எழுதிய நூலிலே வடிவச் சாட்சியத்தை மட்டும் நம்பி உயிரைப் பறிக்கலாகாது என்று வாதிட்டார். அவர் நாத்திகரல்லர், சூனியம் உண்டு என்றே இறுதிவரை நம்பியவர். அம்மாத இறுதியில் ஆளுநர் அந்தத் தனி நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் புதிய நீதிமன்றம் கூடியபோது வடிவச் சாட்சியத்துக்கு இடமில்லாமற் போயிற்று. என்ன ஆயிற்று? அதே ஊர், அதே மக்கள், அதே பேய் நம்பிக்கை. ஆனால் பெரும்பாலோர் விடுதலை. குற்றவாளி எனப்பட்ட மூவரும் தூக்குக்குத் தப்பினர். ஸ்டவ்டன் சினந்து எழுந்து போனாராம். நம்பிக்கை அழியும் வரை காத்திருக்கவில்லை அங்கே. சான்றின் வாயிலை அடைத்தனர், கொலை நின்றது. பகுத்தறிவு பேசும் நாம் இந்த இடத்தை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும்.

சரியாக 100 ஆண்டு கழித்து, 1792-இல், இதே நாடகம் நம் நாட்டிலே நடந்தேறியது. இன்றைய சார்க்கண்டைச் சேர்ந்த ராம்கர் பகுதியிலே சந்தால் இனத்தவர் மூவர் ஐந்து பெண்களைக் கொன்றதாக வழக்கு. மறுக்கவில்லை அவர்கள். "சூனியக்காரிகளை விசாரித்துக் கொல்வது எங்கள் குல வழக்கம், முறைப்படி விசாரித்தோம்" என்றனர். அந்த முறையை ஜான் ஷோர் என்ற ஆங்கில அதிகாரி, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர், ஆசியக் கழகத்தின் ஏட்டிலே 1795-இல் எழுதி வைத்திருக்கிறார்.

ஊரில் 12 வயது நிரம்பிய பெண்கள் அனைவருடைய பெயருக்கும் ஒவ்வொரு சால மரக்கிளை. காலையில் அவற்றை நீரில் நட்டு, நாலரை மணி நேரம் விடுவர். எவள் பெயருக்குரிய கிளை வாடியதோ அவள் சூனியக்காரி! அடுத்தது, பெயர் குறித்த துணிகளில் சிறிது அரிசி முடிந்து கறையான் புற்றில் வைப்பது. எந்த முடிச்சைக் கறையான் தின்றதோ அந்தப் பெயருக்குரியவள் சூனியக்காரி. மூன்றாவது, இரவில் விளக்கேற்றி, இலைத் தொன்னையில் நீர் வைத்து, ஒவ்வொருத்தி பெயரையும் சொல்லிக் கடுகெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவது. நீரின் மேல் எவள் நிழல் தெரிந்ததோ, முடிந்தது அவள் கதை.

அங்கே வடிவம், இங்கே நிழல். பார்ப்பவன் கண் மட்டுமே சாட்சி. கிளை ஏன் வாடியது, தடியான கிளையா மெல்லிய கிளையா, வெயில் எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்க நாதியில்லை. கிளையை நட்டவன் ஆண். முடிச்சைப் புற்றில் வைத்தவன் ஆண். பெயர்ப் பட்டியலிலோ பெண்கள் மட்டும். ஊரில் ஓர் ஆணுடைய பெயருக்கேனும் ஒரு கிளை நட்டிருக்கலாகாதா?

ஷோருடைய கட்டுரையிலும் நமக்கொரு குறை உண்டு. இவற்றை இந்துக்களின் விந்தைப் பழக்கங்கள் என்று தலைப்பிட்டு வியக்கிறார். விந்தைதான், மறுக்கவில்லை. ஆனால் எழுத்தறிவில்லாத காட்டு மக்கள் கிளையை நட்டுச் செய்ததை, ஒரு நூற்றாண்டுக்கு முன் அவருடைய அரசின் குடியேற்றத்திலே, சட்டப் புத்தகமும் அங்கியும் அணிந்தோர், கிளையின் செலவுகூட இல்லாமல் செய்து முடித்தனரே! அதையும் ஒரு வரி எழுதியிருந்தால் கட்டுரை நிறைவு பெற்றிருக்கும்.

ராம்கர் காட்டில் எண்ணெய்த் துளியில் நிழல் பார்த்ததைப் படிக்கும்போது, நம் சீமையிலே வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பது நினைவுக்கு வரவில்லையா? நகை காணாமற் போனால் மை போடுகிறார்கள். குச்சிக்கிழங்குக் காட்டில் மாவுப்பூச்சி விழுந்தால், பண்ணையில் கோழி செத்தால், தறி ஓடாமல் நின்றால், மருமகளுக்குக் கரு தங்காவிட்டால் கோடாங்கியிடம் குறி கேட்கிறார்கள். உடுக்கை ஒலிக்கிறது. "மேற்கே, ஒற்றைப் பனைக்கு அப்பால், வெள்ளைச் சேலைக்காரி" என்று வாக்கு வருகிறது. மேற்கே வெள்ளைச் சேலை கட்டியவள் எந்த ஊரில் இல்லை? கைம்பெண் ஒருத்தி, தனியே வாழ்பவள், நிலத்தில் பங்கு கேட்டவள், கடன் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்டவள் — யாராவது ஒருத்தி அந்த வாக்குக்குள் அடங்கிவிடுகிறாள். பிறகு தகடு எடுக்கிறார்கள். செப்புத்தகடும் ஊசி குத்திய பொம்மையும் மண்ணுக்குள்ளிருந்து வருகின்றன. புதைத்த கை எது என்று கேட்பதில்லை. தோண்டிய கையை வணங்குகிறார்கள். அந்தச் சேலத்திலும் இதுவே: முதன்முதல் தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட் பிஷப்பின் பழைய வீட்டுச் சுவரில் ஊசி குத்திய துணிப் பொம்மைகள் கிடைத்தன என்று இரு வேலையாட்கள் சொன்னது சான்றாகக் கொள்ளப்பட்டது.

வேடிக்கை ஒன்று. நாமக்கல் லாரிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் தொங்குகிறது. ஆயினும் பிரேக்கைப் பார்க்காமல் எந்த ஓட்டுநரும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை இறக்குவதில்லை. போர் போடும் வண்டிக்காரர் பூசை போடுகிறார். குழாய் உடைந்தால் பட்டறைக்குத்தான் போகிறார். இரும்பின் விஷயத்தில் நம் மக்கள் தெளிவாகத்தான் இருக்கிறார்கள். ஒரு கைம்பெண்ணின் மானம் என்று வரும்போதுதான் வெற்றிலை மை போதுமானதாகிவிடுகிறது.

சட்டம் இதற்கு இடங்கொடுக்கவில்லை. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்றது: பார்த்தது என்றால் பார்த்தவரே வரவேண்டும், கேட்டது என்றால் கேட்டவரே வரவேண்டும். 2024 ஜூலை முதல் நாளன்று அதன் இடத்திற்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டமும் அவ்விதியைக் கைவிடவில்லை. அம்மன் வந்து சொன்னாள் என்பவரிடம், அம்மனையே கூண்டுக்கு அழைத்து வா என்று வக்கீல் கேட்கலாம். ஆனால் கொலை நீதிமன்றத்தில் நடப்பதில்லையே! வழக்கு நீதிமன்றப் படியேறும் முன்பே, திண்ணையிலும் திடலிலும் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. இந்திய அரசின் குற்றக் கணக்கிலே, கொலைக்குரிய காரணங்களில் சூனியம் என்றே ஒரு தனி வரி உண்டு. 2021-ஆம் ஆண்டுக்கு அந்த வரியில் 68 உயிர்கள். பீகார் 1999-இலும், சார்க்கண்ட் 2001-இலும், சத்தீசுகர் 2005-இலும், ஒடிசா 2013-இலும் இதற்கெனத் தனிச் சட்டங்கள் செய்ய நேர்ந்தது என்றால் நோயின் ஆழம் புரியும்.

"இதெல்லாம் படிப்பறிவில்லாதவர் செயல், நம் நூல்களோ அறநெறி கூறுவன" என்று பண்டிதர் சிலர் கூறக்கூடும். நூல்களையே பார்ப்போம். யாக்ஞவல்கிய சுமிருதி, வழக்கில் உண்மை காணத் தெய்வச் சோதனைகளை வகுக்கிறது. யார் யாருக்கு எது? பெண்கள், சிறுவர், முதியவர், நோயாளி, இவர்களோடு பார்ப்பனர் — இவர்களுக்குத் தராசில் நிறுத்துப் பார்க்கும் சோதனை. சூத்திரனுக்கோ தீ, அல்லது நீர், அல்லது ஏழு யவ அளவு நஞ்சு! உண்மை ஒன்றே எனில், அதைக் கண்டுபிடிக்கும் கருவி சாதிக்குச் சாதி ஏன் மாறவேண்டும்? பெரிய புராணம் மதுரையிலே தீயில் ஏடு வேகாததையும், வையையில் ஏடு எதிரேறியதையும் சான்றாகக் காட்டி, எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்று பாடுகிறது. நடந்ததா, கற்பனையா என்பது வேறு ஆராய்ச்சி. ஏடு மிதந்த திசையைக் கொண்டு எண்ணாயிரம் பேரைக் கொல்லலாம் என்பதைப் பெருமையாகப் பாட முடிந்ததே, அதுதான் நம் கவலை.

இவற்றைவிட நுட்பமான ஓரிடம் நம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. மேடைதோறும் வழக்குரை காதையை முழங்குகிறோம், முழங்கத்தக்கதே. ஆனால் அதற்கு நான்கு காதைகள் முன்னே, கொலைக்களக் காதையிலே, கோவலன் எந்தச் சான்றின்மேல் கொல்லப்பட்டான் என்பதை எத்தனை பேர் ஊன்றிப் படிக்கிறோம்?

பொற்கொல்லன் பாண்டியனிடம் என்ன சொன்னான்? கன்னக்கோலும் இல்லாமல், கவைக்கோலும் இல்லாமல், மந்திரத்தையே துணையாகக் கொண்டு, வாயிற்காவலரை மயக்கித் தூங்கவைத்து, சிலம்பைக் கவர்ந்த கள்வன் என் குடிலில் இருக்கிறான் என்றான். கவனியுங்கள்: சுவரில் துளையில்லை, கருவியில்லை, கண்டவரில்லை. திருட்டு நடந்ததற்கான தடயம் இல்லாத குறையை மந்திரம் வந்து நிரப்புகிறது! கருவி கிடைக்காததே கள்வனின் பெருந்திறமைக்குச் சான்றாகிவிடுகிறது. அரசன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அன்றிரவு எந்தக் காவலன் தூங்கினான் என்பது. அவனோ அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்துகொண்டிருந்தான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவருக என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஏவலாளருக்கே ஐயம் எழுகிறது. இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்கிறான் ஒருவன். அந்த ஒரு நொடி, நீதிக்கு வாயில் திறந்த நொடி. பொற்கொல்லன் நகைக்கிறான். கள்வர்க்கு எட்டுத் துணைகள் உண்டென்று பாடம் நடத்துகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. மந்திரத்தைச் சொன்னால் கண்ணுக்குத் தெரியாமல் மறைவராம். தெய்வத்தை நினைத்தால் கையிலிருக்கும் பொருளைக் காட்டியும் தப்புவராம். எட்டில் முதலிரண்டே போதும், எவரையும் கொல்லலாம். நல்லவனாகத் தெரிகிறானா? அதுவே மாயம். ஓர் இளைய காவலன் தானும் ஒரு மழையிரவில் கள்வனொருவனைக் கண்டதையும், அவன் தன் வாளைப் பறித்து மறைந்ததையும் சொல்கிறான். அந்தக் கதைக்கும் கோவலனுக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. அச்சம் மட்டும் பெருகுகிறது. கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசினான். முடிந்தது.

பாரிஸ் பாதிரியார் வீட்டில் நடந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வழக்குரை காதையில் கண்ணகி கொண்டுவந்தது முற்றிலும் வேறு வகைச் சான்று. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்றான் அரசன். சிலம்பு கொண்டுவரப்பட்டது, உடைக்கப்பட்டது, மாணிக்கம் தெறித்தது. அவையில் இருந்த அனைவர் கண்ணுக்கும் அது தெரிந்தது. தெய்வம் வந்து சொல்லவில்லை, வடிவம் தோன்றவில்லை. பொய்யாயின் பொய்யென்று அங்கேயே வெளிப்பட்டிருக்கும். அந்த இடருக்குத் துணிந்தே அவள் தன் வழக்கை ஒரு பரலின்மேல் வைத்தாள். உலகத்து நீதிமன்றக் காட்சிகளில் இதற்கு இணையானவை சிலவே என்போம்.

ஆனால் காப்பியம் அத்தோடு நிற்கவில்லையே! கட்டுரை காதையிலே மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து நின்று ஒரு பழங்கதை கூறுகிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற அரசப் பணியாளனாம். கலிங்க நாட்டிலே சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்வித்தானாம். சங்கமன் மனைவி நீலி இட்ட சாபமே இப்போது பலித்ததாம். பாண்டியன் அவையில் மாணிக்கப் பரலால் குற்றமற்றவன் எனத் தெளிவானவன், ஒரு தெய்வத்தின் வாய்ச்சொல்லால் மீண்டும் குற்றவாளி ஆக்கப்படுகிறான்! பொற்கொல்லனுடைய சூழ்ச்சியும், விசாரிக்காத அரசனின் குற்றமும் ஊழ்வினையின் கருவிகள் என்று சிறுத்துப் போகின்றன. பொற்கொல்லனின் மந்திரக் கதையை எதிர்த்து எழுந்த காப்பியம், தெய்வத்தின் முற்பிறப்புக் கதைக்கு முன் தலைகுனிந்து விட்டது. இதனைச் சொல்வதால் இளங்கோவின் கவித்திறம் குறையாது. கொல்லிமலையிலே பாவை இருந்ததாகச் சங்கப் புலவர் பாடியதைப் படித்து இன்றும் மகிழ்கிறோம். கவிதையில் அது இருக்கட்டும். கவிதைப் பாவையைக் காட்டி ஊரில் ஒருத்தியை அடிக்க வருவோரைத்தான் தடுக்க வேண்டும்.

பட்டிமன்றங்களிலும் மன்றக் கூட்டங்களிலும் சிலம்பைப் பேசும் இளைஞர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்று. 20-ஆம் காதையைத் தனியே பேசாதீர்கள். 16-ஆம் காதையையும் 23-ஆம் காதையையும் உடன் வைத்துப் படியுங்கள். ஏவலாளன் ஐயுற்ற அந்த ஒரு நொடியைக் கூட்டத்தாருக்கு எடுத்துக் காட்டுங்கள். பொற்கொல்லன் அடுக்கிய எட்டில் எத்தனை இன்னும் உங்கள் ஊர்க் கோடாங்கியின் வாயில் இருக்கின்றன என்று அங்கேயே எண்ணச் சொல்லுங்கள். மதுராபதி கதை கூறியபோது, "சங்கமனைக் கொல்வித்தவன் என் கணவனே என்பதற்குச் சான்று எது?" என்று கண்ணகி ஏன் கேட்கவில்லை என்ற வினாவையும் எழுப்புங்கள். அரசனைக் கேட்டவளைத் தெய்வத்தைக் கேட்க காப்பியம் விடவில்லை.